பிப்ரவரியில் ஓய்ந்துபோகும் விசுவாசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகள் அடுக்கிய தட்டு சுற்றி வரும். ஜெபித்துவிட்டு ஓர் அட்டையை எடுப்போம். வீட்டுக்கு வந்து பீரோ கண்ணாடியிலோ பைபிள் உறைக்குள்ளோ செருகி வைப்போம். அந்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று கர்த்தர் சொல்லும் வசனம். எத்தனையோ பேரைத் தாங்கி நிறுத்திய வார்த்தை அது.

ஆனால் அதற்கு முந்தைய வசனம் அட்டையில் அச்சாவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது 10-ஆம் வசனம். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அது வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு ஊர் திரும்பும் வாய்ப்பே கிடையாது. ‘இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொன்னவன் அனனியா. கர்த்தர் உன்னை அனுப்பவில்லை, ஜனங்களைப் பொய்யை நம்பவைக்கிறாய் என்று 28-ஆம் அதிகாரத்தில் எரேமியா அவனிடம் சொல்கிறார். கடிதத்தில் எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று எழுதுகிறார்.

வாக்குத்தத்தத்தைக் காலக்கெடுவாக எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. ‘இந்த வருஷத்துக்குள் வேலை, இந்த வருஷத்துக்குள் குழந்தை’ என்று மனதுக்குள் ஒரு தேதி குறித்துவிடுகிறோம். தேதி கடந்ததும் தேவன் கைவிட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. கைவிட்டுப்போனது அவர் சொல்லாத ஒன்று. அட்டையை எடுத்த அன்றே அந்த வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று அட்டையின் பின்புறம் பென்சிலால் இரண்டு வரி எழுதுங்கள். பரீட்சை ஹாலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லி அனுப்பும் பிலிப்பியர் 4:13-க்கும் இதே முறைதான். அது கட்டப்பட்டிருந்த பவுல் எழுதியது. ஒரு வசனம் முன்னால் போனால், வாழ்ந்திருக்கவும் தாழ்ந்திருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். தோற்றுவிட்டு வரும் பிள்ளைக்கும் அந்த வசனம் அப்படியே பொருந்தும்.

கணக்குப் பார்க்காமல் ஆரம்பிப்பது

பைபிளில் 1,189 அதிகாரங்கள். பழைய ஏற்பாடு 929, புதிய ஏற்பாடு 260. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் குறையில்லை. ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று போனால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். பலி முறைகளும் குஷ்டரோகச் சட்டங்களும் 27 அதிகாரம். அதே சமயத்தில் ஆபீஸில் வருஷக் கடைசி நெருக்கடி, வீட்டில் பிள்ளைகளின் பரீட்சை. இரண்டு நாள் விட்டுப்போகும். மூன்றாம் நாள் ஒன்பது அதிகாரம் பாக்கி நிற்கும். பைபிளைத் திறந்தாலே கடன்காரன் முகத்தைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பிப்ரவரியில் பலர் நிறுத்துவது இப்படித்தான். விசுவாசம் குறைந்ததால் நிறுத்துவதில்லை, பாக்கி ஏறியதால் நிறுத்துகிறார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று போதும். கூடவே ஒரு சங்கீதம். 119-ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம் என்பதால் அதை மட்டும் எட்டெட்டு வசனமாகப் பிரித்து 22 நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். எபிரெயத்தில் அது எட்டு வசனத்துக்கு ஓர் எழுத்து என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. விட்டுப்போன நாளை ஈடுகட்ட வேண்டாம். இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். நேரத்தையும் ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: காபிக்குப் பால் அடுப்பில் வைக்கும் முன், பஸ்ஸில் உட்கார்ந்ததும், கடை ஷட்டரைத் தூக்கியதும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் அது கிடைக்காது.

தானியேலைச் சிங்கக் கெபியிலிருந்து மட்டும் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தெரியும். 6:10-ஐப் பாருங்கள். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது தெரிந்தும், தான் முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று இருக்கிறது. அன்றைக்கென்று அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. அந்தத் தைரியம் பல வருஷமாக அந்த மேலறையில் சேர்ந்து வந்தது.

சத்தத்தைத் தைரியம் என்று நினைப்பது

வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் செய்வது, பிற மதத்தினரின் வழிபாட்டைக் கேலி பேசுவது, கேட்காதவர் கையில் துண்டுப்பிரதியைத் திணிப்பது, பிறகு எதிர்ப்பு வந்தால் ‘கிறிஸ்துவுக்காகப் பாடுபடுகிறேன்’ என்பது. 1 பேதுரு 4:15 இதை நேராகத் தொடுகிறது. கொலைபாதகன், திருடன் என்று வரும் அதே வரிசையில், அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாகவும் பாடுபடாதே என்கிறது. நம்பிக்கையைக் குறித்து உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிற 3:15-உம் கேட்கிறவர்களுக்குச் சொல்லவே சொல்கிறது; அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்.

உண்மையான தைரியம் தேவைப்படும் இடம் பெரும்பாலும் அமைதியானது. மேலாளர் ஒரு பில்லை நீட்டுகிறார். வாங்கியது 18,000 ரூபாய்க்கு, பில்லில் 26,000. கையெழுத்து மட்டும் பாக்கி. இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒன்று, ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று போட்டுவிடுவது. மற்றொன்று, எல்லார் முன்னாலும் ‘நான் கிறிஸ்தவன், பொய்க் கணக்கு எழுத மாட்டேன்’ என்று முழங்கி அவரைத் தலைகுனிய வைப்பது. தானியேல் முதலாம் அதிகாரத்தில் வேறொரு வழி இருக்கிறது. ராஜாவின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தானியேலுக்கு முதலில் மனதில் தீர்மானம். பிறகு பணிவாக வேண்டுகோள். பெரிய அதிகாரி தயங்கியதும் அடுத்த நிலையில் இருந்தவரிடம் போகிறார். ‘பத்து நாள் சோதித்துப் பாரும்’ என்று அவர் ஏற்கக்கூடிய ஒரு மாற்று யோசனையும் கொடுக்கிறார். பில் விஷயத்தில் அது இப்படி இருக்கும்: தனியாகப் போய், ‘சார், இந்தத் தொகைக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது. சரியான தொகைக்கு இன்றைக்கே பில் தயார் பண்ணித் தந்துவிடுகிறேன்.’ அவ்வளவுதான். பிரசங்கம் வேண்டாம். வேலை போகக்கூடும் என்பதும் உண்மை. அதனால் மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதும் விசுவாச வாழ்க்கையின் ஆயத்தம்தான். மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறவருக்கு இல்லை என்று சொல்வது பல மடங்கு கடினம்.

விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த இரத்தசாட்சி தேவசகாயம் பிள்ளையை நினைத்தால் நமக்கு உடனே ஞாபகம் வருவது ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் 1752 ஜனவரி 14 அன்று அவர் சுடப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று வருஷம் நினைவில் நிற்பதில்லை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் 1749-ல் கைதானார். அன்றிலிருந்து விலங்கும் அடியும் அவமானமும்தான். டச்சுத் தளபதி டி லன்னாய் அவருக்கு முதலில் சொன்னது யோபுவின் கதை. நன்மைக்குக் கூலியாகச் சுகம் வரும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மூன்று வருஷம் அவர் தாங்கியதற்கு அந்த முதல் பாடமும் ஒரு காரணம் என்றே நம்புகிறோம்.

அதே வடக்கன்குளத்தில்தான் பிற்காலத்தில், ஒரு சாதியார் இன்னொரு சாதியாரோடு சேர்ந்து உட்காரக் கூடாது என்று தடுப்புச் சுவரோடு கோவில் எழும்பியது. அந்தத் தடுப்பு 1910-ல் இடிக்கப்பட்டது. வெளியே வருகிற எதிர்ப்புக்கு எதிராக உபவாச ஜெபம் வைக்கிற சபை, தன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் பிரிவினையைப் பற்றி மூச்சுவிடாது. இதைவிடப் பெரிய கோழைத்தனம் நம்மிடம் இல்லை. சேகரக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ இருக்கிறவர்கள் இதை அடுத்த கூட்டத்தின் பொருளாக எழுத்தில் கொடுக்கலாம். திருமண விளம்பரத்தில் சாதி வரியை எடுத்துவிடலாம். அதற்கு இரத்தசாட்சி ஆக வேண்டிய அவசியமில்லை.

எல்லா அடியையும் சிலுவை என்று சொல்வது

இந்தத் தவறு உயிரைக் குடிக்கிறது. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான். ‘பொறுத்துக்கொள்ளம்மா, உன் சிலுவை இது’ என்று பெரியவர்கள் அனுப்பிவைக்கிறார்கள். இயேசுவைப் பின்பற்றத் தானாக எடுத்துச் சுமப்பதற்குத்தான் சிலுவை என்று பெயர். ஒருவன் வெறியில் விழுகிற அடிக்கு அந்தப் பெயரில்லை. போதகர்கள் இங்கே செய்கிற குறிப்பான தவறு, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரிப்பது. அவன் பக்கத்தில் இருக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள். திறந்தால் அன்றிரவே அதற்கும் சேர்த்து அடி விழும். தனியாக, இன்னொரு பெண்ணை உடன் வைத்துப் பேசுங்கள். ஆபத்து என்றால் 181-ஐ அழைக்கச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அவள் அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையைக் காக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும்.

விலகிப்போவது அவிசுவாசம் அல்ல. ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று மத்தேயு 10:23-ல் இயேசுவே சொல்கிறார். பவுலைத் தமஸ்குவில் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கினார்கள். அவர் எருசலேமில் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார். ஜெபக்கூட்டத்துக்கு மிரட்டல் வந்தால் நாளும் நேரமும் குறித்து, பார்த்தவர்கள் பெயரை எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுவது பவுல் செய்ததுதான்.

களைப்பைப் பின்வாங்குதல் என்று பெயரிடுவது

கர்மேலில் வென்ற எலியா அதன்பின் ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்கிறார். தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை, வசனமும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதன் பிறகுதான் நாற்பது நாள் பயணமும் தேவன் பேசுவதும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பற்றுப் போடச் சொன்னார். அதற்கு முன் ஜெபித்தவரும் அந்த எசேக்கியாதான். மாத்திரையைத் தூக்கிப்போட்டு விசுவாசத்தை நிரூபிக்கச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

உபவாசத்திலும் இதே கவனம் வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் உணவை விடவே வேண்டாம். கத்தோலிக்க ஒழுங்கிலேயே சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பிருக்கும் கடமை 18 முதல் 59 வயது வரைதான். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உடம்புக்கு முடியாதவர்கள் போனையும் சீரியலையும் விட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுக்கலாம். மிச்சமான சாப்பாட்டுச் செலவு ஏழைக்குப் போகாத உபவாசத்தை ஏசாயா 58 ஏற்பதில்லை.

தனியாகப் போராடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் முந்நூறு பேர் நடுவே உட்கார்ந்தும் ஒருவர் தனியாக இருக்க முடியும். வாரம் ஒருமுறை, பெயர் சொல்லி ‘இந்த வாரம் எப்படிப் போனது’ என்று கேட்கும் இரண்டு பேர் போதும். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்களாக இருக்க வேண்டும்.

கடைசியாக, விழுந்தபின் வராமல் இருந்துவிடுவது. ஒரு பொய், ஒரு பழைய பழக்கம், ஆறு மாதம் சபைக்குப் போகாமை. ‘எந்த முகத்தோடு போவேன்’ என்று நின்றுவிடுகிறோம். பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் அருகே, யோவான் 18-ல். 21-ல் இயேசு கரையில் காத்திருக்கும்போதும் கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன். முதலில் ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்கிறார். கேள்விகள் அதற்குப் பிறகுதான். ஆறு மாதம் கழித்து ஒருவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் ‘என்ன, ஆளையே காணோம்’ என்று கேட்காமல் நகர்ந்து இடம் கொடுங்கள். முடிந்தபின் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

மாற்கு என்கிற யோவானும் பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப் போனவர்தான். அவரை மறுபடி கூட்டிப்போக மாட்டேன் என்று பவுல் பர்னபாவோடு பிரிந்தே போனார். வருஷங்கள் கழித்துச் சிறையிலிருந்து அதே பவுல் எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கச் சொன்ன அந்த 16 அதிகாரச் சுவிசேஷம், திருச்சபையின் பாரம்பரியப்படி, இந்த மாற்கு எழுதியது.