‘கேட்டால் நினைப்பு வந்துவிடும்’ என்று பயந்து இருந்துவிடாதீர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, ஒரு லட்சம் பேரில் தற்கொலை இந்திய அளவில் 12.4, புதுச்சேரியில் 29.7. கடலூருக்கு அது பக்கத்து வீடு மாதிரி. ஆனாலும் இந்தப் பேச்சை எடுத்தாலே ‘விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு’ என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

முதல் தவறே அதுதான். “சாகணும்னு தோணுதாப்பா?” என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயம். கிளப்பாது. தனியாகச் சுமக்கிற பிள்ளைக்கு இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கும். ஆனால் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்காரவைத்து சில்வர் பீச் பக்கம் போகும்போது கேளுங்கள்; முகம் பார்க்காமல் பேசுவது பதின்வயசுப் பிள்ளைகளுக்குச் சுலபம்.

அப்புறம் அறிவுரை. “உனக்கு என்னடா குறை, மூணு வேளை சோறு, கையில போன்” என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. “எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்கு வராது!

‘சும்மா பயம் காட்டுறா’ என்றும் விட்டுவிடக் கூடாது. உயிராய் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, தூக்கம் கெடுவது, பல நாள் வாட்டத்துக்குப் பிறகு திடீரென அமைதியாவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. அந்த அமைதியைத்தான் ‘தெளிஞ்சுட்டான்’ என்று தப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு அடிக்கிற மருந்து வீட்டு மூலையிலேயே கிடக்கும். அதையும் தாத்தாவின் மாத்திரைகளையும் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாகணும் என்கிற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சத்தியம் வாங்கிய தோழியும் அந்தச் சத்தியத்தை மீறலாம்.

போலீஸ் கேஸாகுமோ என்று மறைப்பவர்களும் உண்டு. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மந்திரித்துக் கயிறு கட்டுவதானால் கட்டுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம்; எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்கிற அரசு உதவி எண்ணும் உண்டு. மே மாதம் ரிசல்ட் அன்றைக்குத் தேடிக்கொண்டிராமல், இரண்டு எண்ணையும் இப்போதே போனில் போட்டு வையுங்கள். பிள்ளையின் போனிலும்.