தடைக்காலத்தில் ஏறும் எடை: நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம் பக்கம் அந்த நாட்களில் இன்னொன்றும் நடக்கும்: சட்டை வயிற்றில் பிடிக்கும். என் அண்ணனுக்கு வருஷா வருஷம் இதே கதை. "முன்னைவிட அதிகமாகவா சாப்பிடுறேன்?" என்று கேட்பார். இல்லைதான். சாப்பாட்டு வரவு அப்படியே இருக்கிறது, உழைப்புச் செலவுதான் குறைந்துவிட்டது.

இதுதான் முதல் தவறு. ராத்திரி முழுக்க வலை இழுத்து, மீன் பிரித்து, பெட்டி தூக்கிய உடம்புக்குப் போட்ட அதே சோற்றை, நிழலில் உட்கார்ந்து வலை பின்னும் உடம்புக்கும் போடுகிறோம். தினம் 200 கலோரி மிஞ்சினால் 61 நாளில் 12,200. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. அப்படியானால் ஒன்றரைக் கிலோ! அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். ராத்திரி தாங்காமல் இரண்டு பங்கு சாப்பிடத்தான் வைக்கும். வேளைக்கு ஓர் அகப்பைச் சோறு குறைத்து, மீனையும் முருங்கைக்கீரையையும் கூட்டினால் போதும். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குறையுங்கள்.

அப்புறம் எண்ணெய். "சோத்தைக் குறைச்சுட்டேன், மீன்தான் சாப்பிடுறேன்" என்பார்கள். மீன்மேல் குற்றமில்லை, சட்டியைப் பார்க்க வேண்டும். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120. மதினி ஒரு திங்கட்கிழமை எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டார். அடுத்த திங்களன்று பார்த்தால் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. அன்றிலிருந்து சாளை மீன் பாதி நாள் பொரிக்கப் போகாமல் குழம்புக்குப் போகிறது.

கருப்பட்டி போட்டால் எடை ஏறாது என்பதும் தவறு. கலோரியில் சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கருப்பட்டியில் கிண்டும் இனிப்பான கீழக்கரைத் தொதலில் தேங்காய்ப்பாலும் சேர்கிறது. ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

தினமும் தராசில் ஏறி மனம் நொந்துபோகாதீர்கள். நேற்று கருவாடு சாப்பிட்டிருந்தால் அந்த உப்பு நீரைப் பிடித்துவைக்கும். காலையில் தராசு முள் ஏறி நிற்கும். அது கொழுப்பு இல்லை. வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில், ஒரே தராசில் பார்த்தால் சரி.

ஜூன் 15 படகு இறங்கியதும் குறைத்த அகப்பையைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். போன வருஷம் அண்ணன் மறந்துவிட்டார். இரண்டாம் நாளே நடுக்கடலில் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டார்.