டைனஸ்டி லீக்கில் புதுமுக ரிசீவர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசியில், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் எங்கள் டைனஸ்டி லீக்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வீரர்களின் பெயர்கள் ஆண்டுதோறும் மாறும். கேள்விகள் மட்டும் அச்சு மாறாமல் அப்படியே வரும். நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறுவதுதான் ஃபேன்டஸி. சாதாரண ஃபேன்டஸி லீக்கில் பருவம் முடிந்ததும் அணி கலைந்துவிடும். டைனஸ்டியில் அப்படியில்லை. எடுத்த வீரரை நீங்களாகக் கைவிடும்வரை அவர் உங்களுடையவர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குகளின் உடல் சீக்கிரமே தேய்ந்துவிடும். வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் நல்லவராக அமைந்தால் பத்தாண்டுகள்கூடப் புள்ளிகள் குவிப்பார். அதனால்தான் ரிசீவரை மதிப்பிடுவதில் செய்யும் பிழை நீண்ட காலம் வலிக்கும்.

லீக்கின் புள்ளி விதிகளைப் படிக்காமல் வருவது, கல்லூரி ஆட்டத்தின் சிறப்புக் காட்சிகளை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும்.

ஓட்ட வேகம்

டிராஃப்டுக்கு முன் வீரர்களின் உடல்திறனை அளக்கும் முகாமான கம்பைனில், 2017-இல் ஜான் ராஸ் 40 யார்டு தூரத்தை 4.22 விநாடிகளில் ஓடிச் சாதனை படைத்தார். டிராஃப்டில் சின்சினாட்டி அணி அவரை 9-ஆவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே கம்பைனில் 4.62 ஓடிய கூப்பர் கப், 69-ஆவது ஆளாகத்தான் ராம்ஸ் அணிக்குப் போனார். 2021-இல் அவருக்கு 145 கேட்ச், 1947 யார்டு, 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது).

வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டப் பந்தய உடையில், எதிரே தடுப்பாளர் எவரும் இல்லாத திடலில் அளந்த வேகம் அது.

காலி இடத்தைப் பார்த்து ஆளை எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஓர் அணியிலிருந்து பெரிய ரிசீவர் ஒருவர் வெளியேறுகிறார். போன ஆண்டு அவரை நோக்கி வீசப்பட்ட பந்துகள் இத்தனை என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். டிராஃப்டில் அந்த அணி ஒரு புதுமுகத்தை எடுத்தவுடன், அத்தனை பந்துகளும் இனி இவருக்கே என்று எழுதிவிடுகிறார்கள். டிராஃப்டுக்கு முதல் நாள் வரை தரவரிசையில் பன்னிரண்டாவதாக இருந்தவர், ஒரே இரவில் ஐந்தாவதாகிவிடுவார். அந்த இரவில் அவருடைய ஆட்டத்தில் என்ன மாறியது? எதுவுமே மாறவில்லை.

கான்சஸ் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டார்கள். பந்து வீசுபவர் பாட்ரிக் மஹோம்ஸ். ஏப்ரலில் 54-ஆவது ஆளாக, வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்கை மூரை எடுத்தார்கள். ஃபேன்டஸி லீக்குகள் புதுமுகங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ரூக்கி டிராஃப்டுகளில் அவர் விலை எகிறியது. எங்கள் லீக்கில் புதியவர் ஒருவர், அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, தேர்வு வரிசையில் மேலே ஏறி வந்து அவரை எடுத்தார். "மஹோம்ஸ் யாருக்காவது வீசித்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மஹோம்ஸ் அந்தப் பருவத்தில் 5250 யார்டுகள் வீசினார். தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் டிராவிஸ் கெல்ஸி 110 கேட்ச். வெளியிலிருந்து வந்த ஜூஜு ஸ்மித்-ஷூஸ்டர் 78. மீதியை ரன்னிங் பேக்குகளும் மற்றவர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஸ்கை மூருக்குக் கிடைத்தவை 22 கேட்ச், 250 யார்டு. வழக்கமான பருவத்தில் டச்டவுனே இல்லை. இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஒன்று அடித்தார். அதற்கு லீக்கில் புள்ளி கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. 2023-இல் ஜூஜு நியூ இங்கிலாந்துக்குப் போனார். நம் நண்பருக்கு மறுபடியும் உற்சாகம்: "இப்போதுதான் உண்மையிலேயே இடம் காலியாகியிருக்கிறது." கான்சஸ் சிட்டி அந்த ஆண்டு 55-ஆவது ஆளாக ரஷீ ரைஸை எடுத்தது. எங்கள் ரூக்கி டிராஃப்டில் நண்பரின் முறை வந்தபோது ரைஸ் இன்னும் மிச்சமிருந்தார். அங்கேதான் ஏற்கெனவே மூர் இருக்கிறாரே என்று அவரைத் தாண்டிப் போனார். ரைஸ் 79 கேட்ச், 938 யார்டு, 7 டச்டவுன். மூர் 21 கேட்ச், 244 யார்டு. அதே அணி, பந்து வீசும் அதே குவார்ட்டர்பேக், அதே காலி இடம். இருவரும் எடுக்கப்பட்ட வரிசையில்கூட ஓர் எண்தான் வித்தியாசம். இரண்டாண்டுகள் காத்திருந்த மூருக்குக் கிடைக்காததை ரைஸ் வந்த ஆண்டிலேயே எடுத்துக்கொண்டார்.

பந்துகள் துண்டு போட்டுப் பிடித்து வைக்கும் பஸ் இருக்கை போன்றவை அல்ல. குவார்ட்டர்பேக் முதலில் ஒருவரைப் பார்ப்பார். அவரைத் தடுப்பாளர் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவரைப் பார்ப்பார். யார் விலகி நிற்கிறாரோ அவருக்குத்தான் பந்து போகும். ஒவ்வொரு முறையும் அதைச் சம்பாதித்தாக வேண்டும். போன ஆண்டு ஒருவர் சம்பாதித்தது அவரோடு போய்விட்டது.

இதில் இன்னொரு கோணம் உண்டு. இதை யோசித்துப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் வீரரை எடுப்பது எட்டு, பத்து ஆண்டுகளுக்கு. அணியின் சூழ்நிலை அவ்வளவு காலம் தாங்காது. 2019-இல் நியூ இங்கிலாந்து முதல் சுற்றின் கடைசி ஆளாக என்கீல் ஹாரியை எடுத்தது. டாம் பிரேடி பந்து வீசுகிறார்; ராப் கிராங்கவுஸ்கி ஓய்வு பெற்றுவிட்டார்; வேறென்ன வேண்டும் என்று பல லீக்குகளில் ஹாரிதான் முதல் தேர்வு. ஏ.ஜே. பிரவுன் டென்னசிக்குப் போனார். அது ஓட்டத்தையே நம்பும் அணி, அங்கே ரிசீவர் பிழைக்க முடியாது என்று அவரைக் கீழே தள்ளினார்கள். முதல் ஆண்டில் ஹாரி காயத்தோடு தொடங்கி 105 யார்டு எடுத்தார், பிரவுன் 1051. அடுத்த மார்ச்சில் பிரேடியே டாம்பாவுக்குப் போய்விட்டார். எந்தச் சூழ்நிலைக்காக ஹாரியை எடுத்தார்களோ, அது ஒரு பருவத்துக்குமேல் நிற்கவில்லை.

இதே கணக்கை அணி நிர்வாகங்களும் போடுகின்றன என்பதுதான் வேடிக்கை. 2022 டிராஃப்ட் இரவில் டென்னசி அதே பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கிடைத்த 18-ஆவது தேர்வில் ட்ரெய்லன் பர்க்ஸை எடுத்தது. பெரிய உடல், பந்தைப் பிடித்த பிறகு ஓடும் வலு. பிரவுனின் நகல் என்றார்கள். அந்த ஆண்டு பர்க்ஸ் 444 யார்டு, பிரவுன் புதிய அணியில் 1496.

"ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஸ்டெஃபான் டிக்ஸ் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர்தானே?" என்று யாராவது கேட்பார்கள். ஆம். டிக்ஸைக் கொடுத்துப் பெற்ற 22-ஆவது தேர்வில்தான் மினசோட்டா அவரை எடுத்தது. முதல் ஆண்டிலேயே 1400 யார்டு. ஆனால் அவருக்கு முந்தைய தேர்வில், 21-ஆவதாக, ஃபிலடெல்ஃபியா ஜேலன் ரேகரை எடுத்தது. இருவரும் இடம் மாறிப் போயிருந்தால் மினசோட்டாவின் காலி இடம் ரேகரை ஜெஃபர்சன் ஆக்கியிருக்கும் என்று நம்புகிறீர்களா? பிறகு 2022-இல் ரேகர் அதே மினசோட்டாவுக்கே வந்து சேர்ந்தார். எதுவும் நடக்கவில்லை.

கூட்டம் என்ற பயமும் இதன் மறுபக்கம்தான். 2020-இல் சீடீ லாம்ப் டாலஸுக்குப் போனபோது அங்கே அமாரி கூப்பரும் மைக்கேல் கேலப்பும் இருந்தார்கள். பந்து எங்கே மிஞ்சும் என்று தயங்கியவர்கள் பலர். இரண்டே ஆண்டில் கூப்பர் கிளீவ்லாந்துக்குப் போனார். 2023-இல் லாம்ப் 1749 யார்டு.

நான் செய்வது இதுதான். என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன்பே என் வரிசையை எழுதி வைத்துவிடுவேன். டிராஃப்ட் முடிந்த பிறகு எந்தச் சுற்றில் எடுக்கப்பட்டார் என்பதை மட்டும் வைத்து அதைத் திருத்துவேன். எந்த அணி என்பது, இருவர் சரிசமமாக நிற்கும்போது மட்டுமே கணக்கில் வரும். முழு ஆட்டப் பதிவு கிடைத்தால், பந்து பறப்பதற்கு முன்னால் நடப்பதைப் பார்ப்பேன்: ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே தடுப்பாளர் நெஞ்சில் கை வைக்க நீட்டுகிறார், ரிசீவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு இரண்டாவது அடியிலேயே தோளைத் தாண்டிவிடுகிறாரா, அல்லது பக்கவாட்டில் ஒதுங்கி எல்லைக்கோட்டோடு நசுங்குகிறாரா? பந்து அவருக்கு வராத ஆட்டங்களில்தான் இது தெளிவாகத் தெரியும்.

கல்லூரி எண்களை மொத்தமாகப் பார்ப்பது

மொத்த யார்டைவிட, அணி வீசியதில் அவருக்குக் கிடைத்த பங்கு என்ன, எந்த வயதில் கிடைத்தது என்று பாருங்கள். பத்தொன்பது வயதில் அணியின் முதன்மை ரிசீவராக இருந்தவரையும், ஐந்தாவது ஆண்டில், தன்னைவிட நான்கு வயது சின்னவர்களுக்கு எதிரே எண்களைக் குவித்தவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பங்கும் ஏமாற்றும். 2019-இல் லூசியானா ஸ்டேட் அணியில் ஜெஃபர்சன் 1540 யார்டு, ஜமார் சேஸ் 1780 யார்டு. பக்கத்தில் சேஸ் இருந்ததால் ஜெஃபர்சனின் பங்கு குறைவாகத் தெரிந்தது. உள்பக்கமாகவே நின்று ஆடியதால் வெளியே நின்றால் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றும் சொன்னார்கள். யாரோடு பங்கிட்டார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பின்சுற்று அதிசயங்கள்

பூகா நக்கூவா 177-ஆவது ஆள். முதல் ஆண்டில் 1486 யார்டு. இது அதிசயம், வழக்கமல்ல. "அடுத்த நக்கூவா" என்று யாராவது ஒருவரை விற்க வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆகஸ்ட் வதந்திகள்

2021 ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஜமார் சேஸ் தன்னை நோக்கி வந்த மூன்று பந்துகளையும் தவறவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு என்எஃப்எல் பந்தில் இல்லை என்று அவர் சொன்னதை வைத்து ஒரு வாரம் சிரித்தார்கள். அந்த வாரத்தில் அவரை விற்றவர்களும் உண்டு. அந்தப் பருவம் 1455 யார்டு, 13 டச்டவுன்.

டைட் எண்டை அவசரமாகக் கைவிடுவது

2023-இல் சாம் லபோர்ட்டா 10 டச்டவுன், 2024-இல் பிராக் பவர்ஸ் 112 கேட்ச். இவற்றைப் பார்த்தவர்கள், புதுமுக டைட் எண்ட் முதல் ஆண்டிலேயே அள்ளிக் கொடுப்பார் என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தடுப்பு வேலை, ரிசீவர் வேலை இரண்டையும் அவர்கள் கற்க வேண்டும். கெல்ஸி 2013-இல் முழங்கால் சிகிச்சையால் ஒரு கேட்ச்கூட இல்லாமல் முதல் ஆண்டை முடித்தார். 2018-இல் பால்டிமோர் 25-ஆவதாக ஹேடன் ஹர்ஸ்டையும், 86-ஆவதாக மார்க் ஆண்ட்ரூஸையும் எடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஹர்ஸ்டை அட்லான்டாவுக்கு அனுப்பிவிட்டு ஆண்ட்ரூஸை வைத்துக்கொண்டது.

இரண்டாம் ஆண்டில் விற்றுத் தள்ளுவது

டவான்டே ஆடம்ஸ் முதல் ஆண்டு 446 யார்டு. இரண்டாம் ஆண்டு 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். கிரீன் பேயில் ஆரன் ராட்ஜர்ஸ் பந்து வீசியும் இவ்வளவுதானா என்று கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் 997 யார்டு, 12 டச்டவுன்.

எல்லோரையும் மூன்றாண்டு சுமக்கச் சொல்லவில்லை. மினசோட்டா 2016-இல் 23-ஆவதாக எடுத்த லக்வான் ட்ரெட்வெல், முதல் பருவத்தில் பிடித்தது ஒரே ஒரு பந்து. அவரைக் களத்தில் இறக்கவே அணி விரும்பவில்லை. ஆடம்ஸ் தடுமாறிய ஆண்டிலும் களத்தில் இருந்தார், பந்து அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. விற்பதற்கு முன் யார்டுகளை ஒதுக்கிவிட்டு, எத்தனை ஆட்டங்களில் களமிறக்கினார்கள், எத்தனை முறை அவரை நோக்கி வீசினார்கள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டும் குறைந்துகொண்டே போனால் விற்றுவிடலாம். இரண்டும் நிலையாக இருந்தால், உங்கள் லீக்கில் அவரை மலிவாகக் கேட்டு வருபவர் ஏன் கேட்கிறார் என்று ஒரு நாள் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.