லைட் வீல், ஸ்டேஜ் 1: எம்340ஐ வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் நண்பர் ஒருவருடைய பி.எம்.டபிள்யூ எம்340ஐ-யில் ஒரு நடுக்கம். நூறு வரைக்கும் கார் வழுக்கிக்கொண்டு போகும். நூற்றுப்பத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் குறுகுறுவென்று அதிர்வு. புது வீல் போட்டு இரண்டே வாரம். மூன்று தடவை பேலன்சிங், ஒரு தடவை அலைன்மென்ட் பார்த்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு போர்ட்டிகோவில் ஜாக்கி போட்டோம். சாவியை வைத்ததுமே இரண்டு போல்ட் எளிதாகத் திரும்பின. ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைக்குக் கீழே கூம்பாகச் சரியும் பகுதி முழுக்க ரிம்மில் படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் நூல் கனத்துக்கு ஒரே ஒரு பளபள வளையம்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கிய கறுப்பு மாறாமல் அப்படியே.

ரிம் ஆடிக்காகச் செய்தது. ஆடி, மெர்சிடிஸ் கார்களின் வீல் போல்ட்டில் ரிம்மோடு படியும் பகுதி, அதாவது இருக்கை, உருண்டை. ரிம் துளையும் கிண்ணம் மாதிரி குடைந்திருக்கும். பி.எம்.டபிள்யூ போல்ட்டுக்கு 60 டிகிரிக் கூம்பு. போல்ட்டுக்கு ஐந்து துளை, அவை அமையும் வட்டம் 112 மில்லிமீட்டர் என்பது இப்போதைய பி.எம்.டபிள்யூவுக்கும் ஆடிக்கும் பொது. நடுத்துளையும் 66.5, 66.6 என்று ஒட்டியே வரும். அதனால் ரிம் சிக்கலில்லாமல் மாட்டிக்கொண்டுவிடும். மாட்டாமல் போயிருந்தால் அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்திருப்பார்.

இந்த வகைக் கார்களை மாற்றியமைக்க ஆசைப்படுகிறவர்கள் லட்சக்கணக்கில் காசு போகும் இடத்தில் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எந்த ரிம், எந்த மேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றும் கணக்கு), எத்தனை குதிரை என்று ராத்திரி ஒரு மணி வரை வாட்ஸ்அப்பில் விவாதம் ஓடும். நான் பார்த்த வரையில் கோளாறு வருவது அங்கே இல்லை. போல்ட், பெட்ரோல், ஸ்பார்க் பிளக், பிரேக் ஆயில் என்று சில்லறைச் சாமானில்தான் வருகிறது.

எம்340ஐ-யை உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2021 மார்ச்சில் வந்தபோது பி.எம்.டபிள்யூவின் வேகக் கார் வரிசையான எம் ரகத்தில் இந்தியாவிலேயே அசெம்பிள் ஆன முதல் கார் அது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள ஆலையிலிருந்து வருகிறது. 2998 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ, வந்தபோது 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். நான்கு கதவு, பெரிய டிக்கி, ஆனாலும் நூறைத் தொட 4.4 விநாடி என்றது அப்போதைய கம்பெனிக் கணக்கு. பி58 என்ற அந்த இன்ஜின் ட்யூனிங்கைத் தாங்கும் என்று உலகம் பூராவும் பெயர். அந்தப் பெயர்தான் நம்மாட்களைக் கிளப்பிவிடுகிறது.

வீல்: எடைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்

"சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்துக் கிலோ குறைத்த மாதிரி" என்று ஒரு பேச்சு உண்டு. விற்பவருக்கு வசதியான பேச்சு. கணக்கைப் பாருங்கள். சக்கரத்தில் உள்ள எடையை முன்னால் நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். டயரின் வெளி விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகம் பிடிக்கும்போது இரண்டு கிலோவாகக் கணக்காகும். அதற்கு மேல் போகவே முடியாது. ரிம் அதற்கு உள்ளே இருப்பதால் ஒன்றரை என்று வைத்துக்கொள்ளலாம். வீலுக்கு 3 கிலோ வீதம் நான்கில் 12 கிலோ குறைத்தால் 18 கிலோ குறைந்த பலன். ஓட்டுநரோடு சேர்த்து 1,800 கிலோவை ஒட்டி வரும் காரில் அது ஒரு சதவீதம். 4.4 விநாடியில் சுமார் 0.04 மிச்சம். கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை.

அப்படியென்றால் லைட் வீல் வீணா? இல்லை, பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் சக்கரம் சாலையின் மேடு பள்ளத்தோடு சீக்கிரம் ஏறி இறங்கும், டயர் தரையை விடாது. ஒட்டுப்போட்ட ரோட்டில் வளைவு எடுக்கும்போது கைக்குத் தெரியும். நூறை எட்டும் நேரத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் ஏமாந்ததாகச் சொல்லுவார். வளைவுக்காக வாங்கியவர் சந்தோஷமாக இருப்பார்.

இந்தப் பலனையும் கையோடு தொலைக்க ஒரு வழி, 19-லிருந்து 20 அங்குலத்துக்கு ஏறுவது. ரிம்மின் எடை வெளிப்பக்கம் நகரும், டயரின் பக்கச்சுவர் சுருங்கும். 225/40 டயர் என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் சுவர், அதாவது 90 மில்லிமீட்டர். 245/30 போட்டால் 73 சொச்சம். மழை முடிந்த கையோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தரம் போய் வந்தால் அந்த 16 மில்லிமீட்டரின் அருமை புரியும். பிரேக் கேலிப்பர் இடிக்காத அளவில் கிடைக்கும் சிறிய ரிம்தான் என் தேர்வு. பார்க்க அவ்வளவு எடுப்பாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து, எப்படிச் செய்த ரிம் என்பது. உருக்கி அச்சில் ஊற்றியது காஸ்ட். ஊற்றிய பிறகு வெளிவளையத்தைச் சூட்டோடு உருளையால் அழுத்தி நீட்டியது ஃப்ளோ ஃபார்ம். திடமான அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கிச் செதுக்கியது ஃபோர்ஜ்டு. பள்ளத்தில் இறங்கினால் ஃபோர்ஜ்டு பெரும்பாலும் வளையும், மட்டமான காஸ்ட் வெடிக்கும். ஜப்பானின் ரேஸ் (Rays) என்ற ரிம் கம்பெனி 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 மாதிரி புகழ்பெற்ற டிசைனுக்கு அச்சு அசல் நகல்கள் கிடைக்கின்றன, பாதி விலைக்கும் கீழே. உருவம் அதுதான், உள்ளே இருப்பது காஸ்ட். ஸ்போக்கின் பின்புறம் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண் பதிந்திருக்கிறதா பாருங்கள். ஜே.டபிள்யூ.எல். முத்திரை தயாரிப்பாளர் தானே சோதித்து அடித்துக்கொள்வது, வி.ஐ.ஏ. முத்திரை வெளி அமைப்பு சோதித்தபின் வருவது. எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் எவ்வளவு லேசாக இருந்தாலும் வேண்டாம். வலுவைக் குறைத்தும் எடையைக் குறைக்கலாம் அல்லவா.

இதற்கு முந்தைய தலைமுறை 3 சீரிஸான எஃப்30 மாடலின் ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருபவர்களும் உண்டு. அது 120 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 72.6. அடாப்டர் வைத்து மாட்டலாம் என்பார்கள். லைட் வீல் வாங்கி, அதன் பின்னால் அலுமினியத் தட்டை வைத்து எடையைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன லாபமோ தெரியவில்லை.

எம்340ஐ நாலு சக்கரமும் இழுக்கும் கார் என்பதைப் பலர் டயர் வாங்கும்போது மறந்துவிடுகிறார்கள். முன்னால் 225/40 ஆர்19, பின்னால் 255/35 ஆர்19 என்ற ஜோடியின் விட்டத்தைக் கணக்கிட்டால் 662.6, 661.1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். பின்பக்கம் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று 255/40 போட்டால் 686.6 ஆகிவிடும், முன்பக்கத்தைவிட மூன்றரைச் சதவீதம் பெரிசு. முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். முன் டயர் புதுசு, பின் டயர் மொட்டை என்று ஓட்டினாலும் சின்ன அளவில் இதே கதைதான்.

மாட்டும்போது போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர், டார்க் ரென்ச்சால், கையில். கடைப்பையன் ஏர் கன் வைத்து டர்ர்ர் என்று இறுக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். மரையில் எண்ணெய் வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு தரம் சரிபார்க்க வேண்டும். டயரை ரன்ஃப்ளாட்டிலிருந்து (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) சாதாரண டயருக்கு மாற்றுகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்கவும்: இந்தக் காரை ஸ்டெப்னியை நம்பி வடிவமைக்கவில்லை.

ட்யூனிங்: ஜெர்மனிக் குளிரும் நம்மூர் வெயிலும்

ட்யூனிங் என்றால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது. பெரிய பாகம் எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்வதுதான் ஸ்டேஜ் 1. டர்போ அழுத்தம் கூடும், தீப்பொறி விழும் நேரம் முன்னால் வரும், பெட்ரோல் கூடும். 2020 ஜூனுக்குப் பிறகு தயாரான பி58 கார்களில் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பூட்டு உண்டு. பெட்டியைக் கழற்றி அனுப்பித் திறந்து வாங்க வேண்டும். இதற்கு அலுத்துக்கொண்டு சிலர் பிக்கிபேக் பெட்டி மாட்டுகிறார்கள். அது சென்சாரிடமிருந்து வரும் அழுத்தக் கணக்கைக் குறைத்துக் காட்டி இன்ஜினை ஏமாற்றுகிற வேலை. ஏமாந்த இன்ஜின் டர்போவைக் கூட்டும். சாதுவான செட்டிங்கில் ஓட்டினால் பரவாயில்லை. ஏற்கெனவே மேப் மாற்றிய காரில், எந்த மேப்புக்கு என்று பார்க்காமல் அதையும் சேர்த்து மாட்டுவதைக் கண்டிருக்கிறேன். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்றே தெரியாது.

பெரிய தவறு, வெளிநாட்டு மேப்பை அப்படியே ஏற்றுவது. ஜெர்மனிப் பங்கில் 98 ஆக்டேன் சாதாரணம். இங்கே நெடுநாளாகச் சாதாரண பெட்ரோல் 91, பிரீமியம் 95. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 2020 டிசம்பரில் வந்தது, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆக்டேன் குறைந்தால் சிலிண்டருக்குள் கலவை தன் பாட்டுக்கு வெடிக்கும், அதுதான் நாக்கிங். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுவிட்டுத் தீப்பொறியைத் தள்ளிப்போடும். ஒருமுறை இன்னொருவர் காரை டைனோவில் (உருளைமேல் ஓட்டி வலுவை அளக்கும் மேடை) ஏற்றி, கம்ப்யூட்டர் பதிவு செய்யும் லாக்கை எடுத்தோம். முழு மிதியில் ஆறு சிலிண்டரில் நான்கில் டைமிங் 4, 5 டிகிரி பின்வாங்கிக் கிடந்தது. "95 தானே போட்டீர்கள்?" என்று கேட்டேன். "நேற்று ராத்திரி ஹைவேயில் அவசரம், கிடைத்ததைப் போட்டேன் சார்" என்றார். அரை டேங்க் பெட்ரோலில் ட்யூனுக்குக் கொடுத்த காசில் பெரும்பங்கு காணாமல் போயிருந்தது. கார் ஓடத்தான் செய்தது, ஒரு விளக்கும் எரியவில்லை. வெளியூர் போகிறவர்கள் 91-க்கென்று தனி மேப் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்வது உத்தமம்.

இதில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று, எத்தனாலுக்கு 9. இருபது சதவீதம் கலந்தால் 13.5 பக்கம் வரும். அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். சாதாரண ஓட்டத்தில் கம்ப்யூட்டர் சமாளித்துக்கொள்ளும். டர்போ அழுத்தத்தையும் ஏற்றிவிட்டால் உயர் அழுத்தப் பம்ப் எட்டாமல் போகலாம். எத்தனாலால் நாக்கிங் குறையும் என்பது உண்மை. பம்ப் கொடுத்தால்தானே அந்த நன்மை. லாக்கில் ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) இலக்கைத் தொடுகிறதா, நடுவில் சரிகிறதா என்று பார்க்காமல் மேப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெயில் அடுத்த விஷயம். பி58-இல் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இன்டேக்கின் உள்ளேயே இருக்கிறது, தண்ணீரால் குளிர்வது. மே மாதம் கிண்டி சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் அந்தத் தண்ணீரும் சூடாகிவிடும். முதல் ஓட்டம் பிரமாதமாக இருக்கும், மூன்றாவது ஓட்டத்தில் காருக்கு மூச்சு வாங்கும். அதனால் டைனோ தாளில் முதல் ஓட்டத்தின் எண்ணை மட்டும் காட்டினால் அடுத்தடுத்த ஓட்டங்களையும் கேளுங்கள். சக்கரத்தில் அளந்த எண்ணா, இன்ஜினுக்கு மாற்றிச் சொன்னதா, எந்தத் திருத்தக் கணக்கு என்பதையும் கேளுங்கள். ட்யூனுக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் ஒரே நாளில் எடுத்த இரண்டு தாள் இல்லாவிட்டால், அந்த எண் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மட்டும்தான் உதவும்.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். எட்டாவது கியரில் 1,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரேயடியாக மிதித்தால், டர்போ முழு அழுத்தம் கொடுக்கும், பிஸ்டனோ மெதுவாகத்தான் நகரும். பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ள ஏற்ற நேரம் அது. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. நல்ல மேப் எழுதுகிறவர் அந்த இடத்தில் அழுத்தத்தை வேண்டுமென்றே அடக்கி வைப்பார். "கீழ்ச்சுற்றில் இழுவை போதவில்லை" என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். கியர்பாக்ஸுக்கும் தாங்கும் எல்லை உண்டு. இன்ஜின் மேப்பை மட்டும் மாற்றி, கியர்பாக்ஸின் மென்பொருளை அப்படியே விட்டால் வேண்டியபோது அதுவே வலுவை வெட்டிவிடும்.

செய்யும் வரிசையும் பெரும்பாலும் தலைகீழ். முதலில் பவர், அப்புறம் வீல், டயர் தேய்ந்தபிறகு டயர், பிரேக் பற்றி நினைப்பே கிடையாது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாலு சுற்று போனபின் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால்தான். ட்யூன் செய்யும் முன் புது பிரேக் ஆயில், புது பிளக், நல்ல டயர். இவை முடிந்த காரைத்தான் நான் டைனோவில் ஏற்றச் சொல்வேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய காரோடு புகைச் சோதனைக்குப் போக முடியாது. இன்ஷூரன்ஸிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் சமயத்தில்தான் வெளியே வரும். வாரண்டி மீதி இருந்தால் பொறுங்கள். சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால் உங்கள் மேப் அழிந்துபோகவும் கூடும். பழைய ஃபைலின் நகல் கையில் இருக்கட்டும். கம்பெனி வீல், அதன் போல்ட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நண்பர் கதை என்ன ஆயிற்று என்றால், உருண்டை இருக்கை உள்ள 14×1.25 போல்ட் வெளியே கிடைக்கிறது. மாட்டும் அன்றைக்கே ஒரு செட் வாங்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். இரண்டு வாரத்தில் துளைகளின் உட்புறத்தில் கூம்பு பதிந்து தழும்பு விழுந்துவிட்டதால் அதற்கும் வழியில்லாமல் போனது. பழைய வீலே திரும்ப ஏறியது. புது ரிம் மூன்று அவர் வீட்டு மாடியில் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. நாலாவதன் மேல் கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்கிவிட்டார்.