சி-யில் படம் வரைய எந்த லைப்ரரி? ஒரு பந்தை ஓடவிட்டுப் பார்த்துவிடலாம்

கல்லூரி லேபில் டர்போ சி-யில் வட்டம் வரைந்திருப்பீர்கள். வீட்டு லேப்டாப்பில் அதே நிரலை ஜிசிசி என்ற கம்பைலரிடம் கொடுத்தால், கிராஃபிக்ஸ்.எச் என்ற கோப்பே இல்லை என்று கையை விரித்துவிடும். அது சி மொழியில் சேர்ந்ததே அல்ல. டாஸ் காலத்தில் போர்லாண்ட் நிறுவனம் தன் டர்போ சி கம்பைலரோடு கொடுத்தது. அக்கால விஜிஏ வகைத் திரையில் 640-க்கு 480 புள்ளி, 16 நிறம், அவ்வளவுதான். அதை இன்றைய கணினியில் உயிர்ப்பிக்க மெனக்கெடும் நேரத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுவிடலாம்.

படி 1: என்ன வரையப் போகிறீர்கள்?

பிடிஎஃப், எஸ்விஜி கோப்பாக வரைபடம் வேண்டுமென்றால் கெய்ரோ என்ற லைப்ரரி. பட்டன், மெனு உள்ள அலுவலக மென்பொருள் என்றால் ஜிடிகே. விளையாட்டு, அனிமேஷன் என்றால் ரேலிப் அல்லது எஸ்டிஎல். நான்குமே விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜிஎல்எஃப்டபிள்யூ என்ற லைப்ரரி ஜன்னலைத் திறக்கும், விசைப்பலகையைக் கவனிக்கும். ஒரு கோடுகூட வரையாது. எஸ்எஃப்எம்எல் என்ற இன்னொன்று சி++ ஆட்களுக்கானது. கிராஃபிக்ஸ் கார்டோடு நேரடியாகப் பேசும் வல்கன் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், ஒரு முக்கோணம் காட்டவே ஆயிரம் வரி பிடிக்கும்.

படி 2: ரேலிப்-பில் ஒரு பந்து

என் கணக்கில் முதல் லைப்ரரி ரேலிப்தான். காரணம் சின்னது: வட்டம் வரைய அதில் ஒரே வரி. எஸ்டிஎல்-இல் கோடு உண்டு, செவ்வகம் உண்டு, வட்டத்துக்கு ஃபங்ஷனே கிடையாது. நாமே எழுத வேண்டும்.

விண்டோஸில் ரேலிப்-பின் இன்ஸ்டாலரை இறக்கினால் கம்பைலரும் கூடவே வந்துவிடும். மேக்கில் மென்பொருள் நிறுவித் தரும் ஹோம்ப்ரூ போதும். லினக்ஸில் கட்டளை எழுதும்போது வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உங்கள் சி கோப்பு, லைப்ரரிப் பெயர்கள் கடைசியில். மாற்றிப் போட்டால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று திரை நிறையத் திட்டு விழலாம். ஹெடரை இன்க்ளூட் செய்தது ஃபங்ஷனின் பெயரை அறிமுகப்படுத்த மட்டும்தான். அதன் உடல் லிங்க் செய்யும்போதுதான் வந்து சேரும்.

நிரலின் எலும்புக்கூடு இது: ஜன்னலைத் திற. மூடச் சொல்லும்வரை லூப்பில் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் இடத்தை மாற்று, பின்னணியைத் துடை, வட்டம் வரை. துடைக்க மறந்தால் பந்து புழு மாதிரி வாலை இழுத்துக்கொண்டு போகும். ஒருமுறை வேண்டுமென்றே மறந்து பாருங்கள், அழகாகத்தான் இருக்கும்.

படி 3: வேகம்

சுற்றுக்கு 5 புள்ளி நகர்த்து என்று எழுதாதீர்கள். திரையின் வேகத்துக்கு இணையாக லூப் ஓடினால், நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 300 புள்ளி ஓடும் பந்து, நண்பரின் 144 ஹெர்ட்ஸ் திரையில் 720 ஓடும். நொடிக்கு இத்தனை புள்ளி என்று வைத்துக்கொண்டு, போன சுற்றுக்கு ஆன நேரத்தால் பெருக்குங்கள். அந்த நேரத்தைச் சொல்ல ரேலிப்-பிலேயே ஃபங்ஷன் இருக்கிறது.

படி 4: தமிழில் ஒரு பெயர்

இங்கேதான் பலர் லைப்ரரியை மாற்றுகிறார்கள். பந்தின் மேல் 'செல்வி' என்று எழுதிப் பாருங்கள். ரேலிப்-பின் சொந்த எழுத்துருவில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். சரி, தமிழ் எழுத்துருவை ஏற்றி, யூனிகோடில் தமிழுக்குரிய 128 இடங்களையும் கேட்டு வாங்கினால்? எழுத்து வரும், ஆனால் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காது. யூனிகோடில் ச முதலில், கொம்பு அடுத்து. ரேலிப் அதை அப்படியே வரிசையாக அடுக்கிவிடுவதால் கொம்பு போய் லகரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இடம் மாற்றி அடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற தனி லைப்ரரி. அதைச் சேர்த்துக் கட்டிய எஸ்டிஎல்-டிடிஎஃப் (எஸ்டிஎல்-இல் எழுத்து காட்டும் துணை லைப்ரரி) இருந்தால் 'செல்வி' செல்வியாகவே வருவாள். ஆகவே உங்கள் நிரலில் தமிழ் அதிகம் என்றால் எஸ்டிஎல்; மதிப்பெண் மட்டும் காட்டினால் போதும் என்றால் ரேலிப். இரண்டுக்கும் ஸிலிப் உரிமம்தான். காசுக்கு விற்கலாம், மூலநிரலைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை.

எஸ்டிஎல் பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் எஸ்டிஎல் 3 வந்துவிட்டது. பழைய பாடங்கள் பெரும்பாலும் 2-க்கானவை. 2-இல் தொடக்க ஃபங்ஷன் 0 திருப்பினால் வெற்றி. 3-இல் வெற்றி என்றால் ட்ரூ. பழைய பாடத்தைப் பார்த்து '0 இல்லையென்றால் வெளியேறு' என்று எழுதினால், எல்லாம் ஒழுங்காக நடந்தபோதுதான் நிரல் வெளியேறும்!

படி 5: இன்னொரு கணினியில் ஓட்டுங்கள்

முடித்த பிறகு அல்ல, பந்து ஓடிய அன்றே. விண்டோஸில் எழுதியதை லினக்ஸில் ஓட்டியபோது என் எழுத்துரு மட்டும் ஏறவில்லை. ஒரு மாலை முழுக்க நிரலில் தப்பைத் தேடினேன். கோப்பின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்து பெரியது (கேபிடல்), நிரலில் சிறியது. விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை, லினக்ஸ் விடவில்லை. அன்றிலிருந்து படம், எழுத்துரு, ஒலி எல்லாக் கோப்புகளுக்கும் சின்ன எழுத்திலேயே பெயர் வைக்கிறேன்.