மொபைலுக்கு உள்ளடக்கம் அனுப்பும் நிறுவனங்கள்: ஒப்புதலை வாங்குவதும் காட்டுவதும்

பாட்டு, விளையாட்டு ஸ்கோர், விளம்பரச் செய்தி என எதைப் போனுக்கு அனுப்பினாலும், புகார் வந்ததும் எழும் முதல் கேள்வி: இந்த எண்காரர் சம்மதித்தார் என்பதற்கு என்ன சான்று? ஒப்புதல் வாங்கியும் காட்ட முடியாவிட்டால் வாங்காததற்குச் சமம். ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையிலேயே வைக்கிறது.

ஆகவே டேட்டாபேஸில் 'சம்மதம்: ஆம்' என்று ஒரு கட்டம் மட்டும் வைத்தால் போதாது. எண், நேர மண்டலத்துடன் தேதியும் நேரமும், எந்தப் பக்கம் அல்லது ஆப், ஐபி முகவரி, எந்த வகைச் செய்திக்கு, அன்று திரையில் இருந்த வாசகத்தின் பதிப்பு எண் ஆகியவை வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது கடைசி விவரம்தான். மார்க்கெட்டிங் குழு பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அன்று என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. வாசகம் மாறும்போதெல்லாம் புதிய எண் கொடுத்து ஸ்கிரீன்ஷாட்டைச் சேமியுங்கள். ஒப்புதல் ரத்தானால் பழைய வரியைத் திருத்தாமல் புதிய வரி சேருங்கள்.

ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. வலைப் படிவத்தில் யார் எண்ணையும் யாரும் அடிக்கலாம் என்பதால் ஓடிபி மூலம் உறுதிசெய்வது நல்லது. கட்டணச் சந்தா என்றால் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பிடிக்கப்படும், நிறுத்தும் வழி மூன்றும் பட்டனுக்குப் பக்கத்திலேயே, படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். சேர்ந்ததும் போகும் முதல் எஸ்எம்எஸ்ஸிலும் அவற்றைத் திரும்பச் சொல்லுங்கள்.

செய்தி இனி வேண்டாம் என்று பெறுபவர் அனுப்பும் 'ஸ்டாப்' பதிலில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்காவில் 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். ஆனால் அந்தக் கெடுவை நம்பி உட்கார வேண்டாம். காலையில் எடுத்த எண் பட்டியல் கோப்பு, செய்தி அனுப்பும் ஏஜென்சியிடம் இருக்கும், மதியம் 'ஸ்டாப்' வரும், மாலையில் அந்தப் பழைய பட்டியலுக்கே செய்தி போய்விடும். விலகியவர்களின் எண்கள் உள்ள தடைப் பட்டியலை, அனுப்பும் பட்டியல் தயாரிக்கும்போது பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் நொடியில் சரிபாருங்கள். சின்ன எழுத்து, கூடுதல் இடைவெளி, 'ப்ளீஸ் ஸ்டாப்', உள்ளூர் மொழிச் சொல் எல்லாவற்றையும் சிஸ்டம் புரிந்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்டதாக ஒரே ஒரு செய்தி போகலாம். அதில் சலுகை எதையும் நுழைக்காதீர்கள்.

கைவிடப்பட்ட எண் இன்னொருவருக்குப் போகும். அமெரிக்காவில் குறைந்தது 45 நாள் ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி வழங்குகிறார்கள். பழைய உரிமையாளரின் சம்மதம் புதியவருக்குச் செல்லாது. அங்கே இதற்கென உள்ள மறுவழங்கல் எண் தரவுத்தளத்தில் சரிபார்க்கலாம். மற்ற இடங்களில் நிரந்தரமாக டெலிவரி தோற்ற எண்களை நீக்குங்கள், நெடுநாள் பேச்சில்லாதவரிடம் மறுஒப்புதல் கேளுங்கள். அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டு தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான டிசிபிஏ-படி ஒரு செய்திக்கு இழப்பீடு 500 டாலர், தெரிந்தே மீறினால் 1,500 வரை. 10,000 எண்ணுக்குத் தவறாகப் போன ஒரே ஒரு பிரசாரம் 50 லட்சம் டாலர் வழக்காகலாம். விளம்பரத்துக்கான நேரமும் அங்கே காலை 8 முதல் இரவு 9 வரைதான், அதுவும் பெறுபவரின் ஊர் நேரப்படி. சர்வர் கடிகாரத்தை நம்பினால் நள்ளிரவில் போன் அதிரும்.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி நிறுவனம், ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) மூன்றும் இதற்கென உள்ள டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும். ஒரு நிறுத்தற்குறி மாறினாலும் செய்தி தடுக்கப்படலாம். பதிவு செய்யாத வலை இணைப்பு (லிங்க்) செய்தியில் இருந்தாலும் அப்படியே.

பெற்றோர் ஒப்புதல் தேவைப்படும் சிறுவர் வயது வரம்பு அமெரிக்காவில் 13, ஐரோப்பாவில் 16 (நாடுகள் 13 வரை குறைக்கலாம்), இந்தியாவின் 2023 சட்டத்தில் 18. "18 நிரம்பியதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், பிறந்த ஆண்டைக் கேளுங்கள்.

பாட்டு விற்றால் இரண்டு உரிமை: வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. ஸ்ட்ரீமிங்குக்கு வாங்கிய உரிமம் ரிங்டோனையும் உள்ளடக்கும் என்று எண்ண வேண்டாம். உரிமம் முடியும் தேதியை உள்ளடக்க மேலாண்மை சிஸ்டத்திலேயே போட்டுவிடுங்கள். அன்று பாட்டு தானாக நீங்கட்டும்.

டிசிபிஏ வழக்குக்கான காலவரம்பு 4 ஆண்டு. விலகியவரின் ஒப்புதல் பதிவை அதுவரையாவது வைத்திருங்கள். மற்ற விவரங்களை அழித்துவிட்டு, தடைப் பட்டியலில் எண்ணை மட்டும் விட்டுவையுங்கள்.