வானத்து ஒளிக்கோலங்களைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கடல் எப்போதும் அருகில் இருப்பதாலோ என்னவோ, வானம் நீலமாகத் தெரிவது கடலின் நிறம் அதில் தெறிப்பதால்தான் என்ற விளக்கத்தை இன்றும் கேட்க முடிகின்றது. காற்றிலுள்ள நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகச் சிதறச் செய்கின்றன என்பதே உண்மைக் காரணம். இச்சிதறலின் கணிதத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1871இல் வெளியிட்டார். ஆனால் அதே ரேலி, கடலின் ஆழ்ந்த நீலம் வானத்தின் தெறிப்பே என்று கருதினார். 1921இல் கப்பலில் பயணம் செய்த சி. வி. இராமன், நீர்ப்பரப்பின் தெறிப்பை, தெறித்த ஒளியை வடிகட்டும் பளிங்குக் கருவியான ஒரு நிக்கோல் அரியத்தால் நீக்கிப் பார்த்தபோதும் கடல் நீலமாகவே இருப்பதைக் கண்டு, நீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என விளக்கினார். ஆகவே ஒன்றின் நிறத்தை மற்றதிலிருந்து கடன் வாங்கத் தேவையில்லை.

வானவில் பற்றிய தவறுகளே அதிகம். அது வயல்வெளிக்கு அப்பால் ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் பொருள் என எண்ணி, அதன் அடியை நோக்கிச் சைக்கிளில் விரைந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். மழைத்துளியினுள் முறிந்து, அதாவது திசை வளைந்து, உட்புறம் தெறித்து, மீண்டும் முறிந்து வெளிவரும் ஒளி, நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் செறிவாகக் கண்ணை அடைகின்றது. எனவே நாம் நகர வில்லும் நகரும். அருகருகே நிற்கும் இருவர்கூட வெவ்வேறு துளிகளின் ஒளியையே காண்கின்றனர். சூரியனிருக்கும் பக்கத்தில் வில்லைத் தேடுவது வீண் முயற்சி. சூரியன் 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும்போதும், மாரிகாலத்தில்கூடக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் அப்படித்தான், தரையில் நிற்பவருக்கு வானில் வில் தெரியாது. மாலை மழையின் பின்னர் கிழக்கே பார்ப்பதுதான் பலன் தரும். வெளியே மங்கலான இரண்டாவது வில் தென்பட்டால், அதன் நிறவரிசை தலைகீழாக இருப்பதையும், இரு வில்களுக்கும் இடைப்பட்ட வானம் கறுத்திருப்பதையும் கவனியாமல் விட்டுவிடக் கூடாது.

பனங்கூடலின் பின்னால் எழும் முழுநிலவு பெரிதாகத் தோன்றுவதற்கு வளிமண்டலம் உருப்பெருக்கிபோல் செயற்படுவதே காரணம் என்பதும் தவறு. கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் மறைத்துப் பார்த்தால், உச்சியில் இருக்கும் நிலவைப் போலவே அதுவும் மறைந்துவிடும். பருமன் வேறுபாடு நம் மூளையின் மயக்கம். உண்மையில் அடிவிளிம்பின் ஒளி மேல்விளிம்பினதைவிட அதிகமாக முறிவதால், காற்று நிலவின் வட்டத்தை நிலைக்குத்தாகச் சற்றுச் சுருக்கவே செய்கின்றது. அதே முறிவினால்தான், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரத்தில் அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் சூரியன் அப்போதே அடிவானத்தின் கீழே சென்றுவிட்டிருக்கும்.

சூரியனையோ நிலவையோ சூழும் வளையங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதுவது இன்னொரு தவறு. ஏறத்தாழ 22 பாகை ஆரமுடைய பெரிய வட்டம் மிக உயரத்திலுள்ள மெல்லிய முகிலின் பனிப்பளிங்குகளால் உண்டாவது. அதன் உள்விளிம்பு செந்நிறமானது. நிலவை ஒட்டியிருக்கும் சிறிய ஒளிவளையம் பெரும்பாலும் நுண்ணிய நீர்த்துளிகளால் வருவது. அதில் சிவப்பு வெளிப்புறத்தில் இருக்கும். ‘அகல வட்டம் பகல் மழை’ என்ற பழமொழி பெரிய வட்டத்தைப் பற்றியது. அத்தகைய முகில் சில வேளைகளில் மழைக்கு முன்னோடியாக வருவதால் அதை வெறும் கதை என ஒதுக்க மாட்டேன். ஆயினும் நம் பகுதியில் கலைந்துபோன இடிமுகிலின் எச்சமாகவும் அது மிதப்பதுண்டு என்பதால், அதை நம்பிப் புகையிலைக்கு நீர் இறைக்காமல் விடுவது புத்திசாலித்தனமன்று. பகலில் இவ்வட்டத்தைப் பார்க்க விரும்புவோர், கறுப்புக் கண்ணாடியை நம்பாமல், சூரியனை ஒரு பனை வட்டின் பின்னால் முழுமையாக மறைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வானத்தை மட்டும் பார்க்க வேண்டும்.